பழைய கமராவா, புதிய கமராவா?

"அண்ணை, ஒரு கமரா வாங்க யோசிக்கிறம். பழசு வாங்கிறதோ, புதுசு வாங்கிறதோ?"

எமது ஆட்களின் வைபவங்களில் சனி ஞாயிறுகளில் நான் படம் எடுப்பதைக் காண்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் அநேகர் கனடாவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடங்களே ஆன குடும்பத்தினர். நின்ற நிலையில் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் இதைப் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். வன்னியில் யுத்தம் இறுகிய காலத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற் வேலை. கமராவைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கையில் வைத்துப் பழகியும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவையே.

என்னிடம் இருப்பது கனன் றெபல் ரி3ஐ. 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. வட அமெரிக்காவுக்கு வெளியே இதையே 600டி என்பார்கள். யாரோ பாவித்ததை லென்சுடன் இருநூறு டொலருக்கு வாங்கினேன். என் மச்சானிடம் இருப்பது 2023இல் வந்த கனன் ஆர்50. என்னுடையது டி.எஸ்.எல்.ஆர். வகை. மச்சானுடையது மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை. இரண்டையும் ஒரே மண்டபத்தில், ஒரே வெளிச்சத்தில் மாறி மாறிப் பிடித்துப் பார்த்திருக்கிறோம்.

கண்ணாடி செய்யும் வேலை

டி.எஸ்.எல்.ஆர். கமராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சரிவாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி எமது கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஒளி பின்னால் உள்ள சென்சரில் விழும், படம் பதிவாகும், கண்ணாடி மீண்டும் கீழே இறங்கும். அந்த "சடக்" என்ற சத்தம் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியின் சத்தமே. படம் பதிவாகும் அந்தக் கணத்தில் எமது கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மிரர்லெஸ் கமராவை எங்கள் தொழிற்சாலையை வைத்தே விளக்கலாம். வார்த்து வரும் பாகங்களைச் சோதிக்க பெல்ற்றுக்கு மேலே ஒரு கமரா பூட்டியிருக்கிறார்கள். அதற்குள் கண்ணாடி இல்லை. அதன் சென்சர் எந்நேரமும் விழித்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும். மிரர்லெஸ்சும் அப்படித்தான். சென்சர் காண்பதை ஒரு சின்னஞ்சிறு திரையில் காட்டுகிறது. நாம் அந்தத் திரையையே கண் வைத்துப் பார்க்கிறோம். 2008இல் பானசோனிக் ஜி1 என்ற கமராவோடு இந்த வகை சந்தைக்கு வந்தது. கனனும் நிக்கோனும் 2018இல் தமது பெரிய சென்சர் மிரர்லெஸ் கமராக்களை வெளியிட்டன. அதன்பின் புதிய லென்சுகளும் புதிய மொடல்களும் அநேகமாக இந்தப் பக்கமே வருகின்றன. இதனால்தான் பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன.

முகமும் வெள்ளை வேட்டியும்

எமது ஆட்களுக்கு முதலில் தெரியவேண்டிய வித்தியாசம் வெளிச்சம் சம்பந்தப்பட்டது. எந்தக் கமராவும் தான் காண்பதெல்லாம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று எண்ணியே வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளை மணவறை, வெளியே பனி என்று சட்டம் முழுவதும் வெள்ளை நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று அது படத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளை சாம்பலாகும், எமது கறுத்த முகங்கள் இன்னும் கறுத்துப்போகும். இதற்குத் திருத்தம் இரண்டு வகைக் கமராவிலும் உண்டு. கூட்டல் கழித்தல் அடையாளமுள்ள பொத்தானை அழுத்தி, ஒரு படி கூட்ட வேண்டும்.

பழைய கமராவில் கண் வைத்துப் பார்க்கும்போது இந்தத் திருத்தத்தின் பலன் தெரியாது. எடுத்தபின் பின்திரையில் பார்த்து, மறுபடி எடுக்க வேண்டும். புதியதில் எடுக்க முன்னரே படம் எப்படி வரும் என்பது தெரிகிறது. தாலி கட்டுவதை இரண்டாம் தடவை கட்டச் சொல்ல முடியுமா? அப்படியான இடத்தில் புதியதின் பலம் பெரிது.

கூர்மை விடயத்திலும் அப்படியே. என் கமரா 9 இடங்களில் மட்டுமே கூர்மை பார்க்கும். அந்த வேலையைச் செய்வது படம் பதியும் சென்சர் அல்ல, அடியில் உள்ள வேறொரு சிறு சென்சர். இரண்டு அளவுகோலும் ஒரு மயிரிழை பிசகினாலும், கண்ணுக்குப் பதிலாகக் காதுத்தோடு கூர்மையாக வரும். மச்சானுடையதில் படம் பதியும் சென்சரே கூர்மையையும் பார்க்கிறது. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, பிள்ளை ஓடினாலும் விடாமல் தொடர்கிறது. மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்திலும் அது முன்னே நிற்கிறது. என்னுடையதில் ஐ.எஸ்.ஓ. சாதாரணமாக 6400 வரையே போகும். அதிலும் 3200க்கு மேல் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கும். ஆர்50இல் 32000 வரை உண்டு.

சத்தமும் குளிரும்

செத்தவீட்டிலும், கோயிலில் பூசை நேரத்திலும் என் கமராவின் சத்தம் பத்துப் பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். புதியதைச் சத்தமே இல்லாமல் இயக்கலாம். ஆனால் ஒன்றை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். சத்தமில்லாத முறையில் சென்சர் படத்தை வரி வரியாக வாசிக்கிறது. எமது மண்டபங்களில் உள்ள சில எல்.ஈ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்குவதால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டிகள் விழும். முதலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டே அந்த முறையைப் பாவிக்க வேண்டும்.

பற்றறியில் பழையதே வெல்லும். கண்ணாடி வழியாகப் பார்க்க மின்சாரம் அநேகமாகத் தேவையில்லை. புதியதிலோ சென்சரும் திரையும் எந்நேரமும் மின்சாரம் குடிக்கின்றன. ஒரு சாமத்திய வீட்டில் நான் ஒரு பற்றறியோடு இரவுச் சாப்பாடு வரை நின்றேன். மச்சான் இரண்டாவதை மாற்றி, மூன்றாவதைத் தேடினார். மாசி மாதக் குளிரில் இரண்டுக்கும் பற்றறி இறங்கும். உதிரிப் பற்றறியை ஜக்கெற்றின் உள் பொக்கெற்றில் சூட்டோடு வைத்திருங்கள். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரமுன் கமராவை ஒரு பிளாஸ்ரிக் பையில் இட்டு மூடி, சூடேறும்வரை திறக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் லென்சிலும் உள்ளேயும் நீர் படியும்.

எத்தனை மணித்தியால வேலை?

ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்ரோபர் முதலாம் திகதி மணித்தியாலத்துக்கு 17 டொலர் 60 சதமாக உயர்ந்தது. ஆயிரம் டொலர் என்றால் அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய 57 மணித்தியால உழைப்பு, அதுவும் பிடிப்பனவுகளுக்கு முன். கடையில் ஒட்டியிருக்கும் விலையோடு 13 வீத வரியும் சேரும் என்பதைப் புதிதாக வந்தவர்கள் மறந்துவிட வேண்டாம். என் கமராவுக்கு நான் கொடுத்த இருநூறு டொலர் இந்தக் கணக்கில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. எமது வீடுகளில் முதல் வருடம் வாடகை முற்பணம், குளிர் உடுப்பு, ஊருக்கு அனுப்பும் காசு என்று எத்தனை இருக்கின்றன! கடனட்டையில் வாங்கி மாதாமாதம் வட்டி கட்டும் கமரா, படம் எடுக்கும் சந்தோசத்தையே கெடுத்துவிடும்.

"பழையதில் மெகாபிக்சல் குறைவுதானே" என்று சிலர் கேட்கிறார்கள். என்னுடையது 18, மச்சானுடையது 24. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்தை நன்றாக அச்சிட அண்ணளவாக 9 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டும் அந்த அளவுப் படத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்தக் கமரா என்று கேட்டோம். எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

பழையதில் போடும் காசு வீணாகாமலிருக்க ஒரு வழியும் உண்டு. கனனின் பழைய ஈ.எஃப். லென்சுகளை ஓர் இணைப்பு வளையத்தோடு புதிய ஆர் வகைக் கமராக்களில் பூட்டலாம். பழைய கமராவில் லென்சின் பிடிக்கும் சென்சருக்கும் இடையில் 44 மில்லிமீற்றர் தூரம், கண்ணாடி எழும்ப இடம் வேண்டுமே! புதியதில் அது 20 மில்லிமீற்றர். மிச்ச இடத்தை வளையம் நிரப்புகிறது. ஆனால் புதிய லென்சைப் பழையதில் பூட்ட முடியாது. ஆகவே பழைய கமராவும் ஒரு நல்ல 50 மில்லிமீற்றர் லென்சும் வாங்கினால், நாளைக்குக் கமரா மாறினாலும் லென்ஸ் கூடவே வரும். பழைய பிளாஷ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆர்50இல் அதை நேரே பூட்ட முடியாது, அதற்கென ஒரு துணைக்கருவி தனியாக வாங்க வேண்டும்.

பழையதைப் பாவித்தவரிடம் வாங்குவதாயின் பகலில், பொது இடத்தில் சந்தியுங்கள். லென்சினுள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம், வேண்டாம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பற்றறியையும் சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மெமரி கார்ட்டைப் போட்டுப் பத்துப் படமாவது எடுத்த பின்பே காசைக் கொடுங்கள்.

ஒரு தொழிற்சாலையின் கதை

பழையதை வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கமரா உலகம் இப்படி மாறுவது இது முதல் தடவையல்ல. அதற்குச் சாட்சி எமது நகரத்திலேயே இருக்கிறது. கொடாக் நிறுவனத்தின் கனடாக் கிளை 1899இல் ரொறன்ரோவில் ஆரம்பமானது. பின்பு எக்ளின்ரன் வீதியில் மவுண்ட் டெனிஸ் பகுதியில் பெரிய தொழிற்சாலை கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அங்கே பிலிமும் கடதாசியும் செய்தார்கள். 1975இல் அமெரிக்காவில் அதே கொடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் என்ற பொறியியலாளரே பிலிம் இல்லாத முதலாவது டிஜிற்றல் கமராவைச் செய்து காட்டினார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கசற் நாடாவில் பதிய அதற்கு 23 செக்கன் எடுத்தது. முப்பது வருடம் கழித்து, 2005இல், மவுண்ட் டெனிஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. பிலிம் போய் டிஜிற்றல் வந்ததே காரணம். அந்தப் பெரிய வளவில் ஒரு கட்டடம்தான் மிஞ்சியது. அது இப்போது மவுண்ட் டெனிஸ் ரயில் நிலையத்தோடு சேர்க்கப்பட்டிருக்கிறது.

மெஷினோடு நின்று வேலை செய்யும் என் போன்றவனுக்கு இது சும்மா செய்தியல்ல. இன்று புதியது என்று சொல்லப்படுவதும் ஒரு நாள் பழையதாகும். ஆனால் அந்தத் தொழிலாளர் செய்த கடதாசியில் அச்சிட்ட படங்கள் இன்றும் எத்தனையோ வீடுகளில் சுவரில் தொங்குகின்றன.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை. கிளிநொச்சியில் இருந்தபோது இரண்டு அல்பங்கள் இருந்தன. இடம்பெயர இடம்பெயர முதலில் தளபாடங்களை விட்டோம், பிறகு பாத்திரங்களை விட்டோம். அம்மா அல்பங்களை மட்டும் உடுப்புப் பையில் சுற்றிப் புதுமாத்தளன் வரை கொண்டுவந்தார். அதற்கப்பால் அவையும் இல்லை. 2009இல் அப்பாவும் இல்லை. இன்று அப்பாவின் முகம் என்று எங்களிடம் இருப்பது அவரின் தேசிய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி ஒன்றுதான். பெரிதாக்கினால் கறுப்புப் புள்ளிகளே தெரிகின்றன. எந்தப் புதிய கமராவாலும் அதை மீட்க முடியாது. இதைப் படிக்கும் பலரின் வீட்டிலும் இதே கதை இருக்கும்.

ஆகவே என் முடிவு இதுதான். வைபவங்களைக் காசுக்குப் படம் எடுக்கப் போகிறவர் மிரர்லெஸ் வாங்கலாம். அதன் விலையை அது உழைத்துத் தரும். வீட்டுக்கென்று வாங்குபவருக்கு நல்ல நிலையிலுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். தாராளமாகப் போதும். அதுவும் இப்போது முடியாவிட்டால் கையிலுள்ள போனாலேயே எடுங்கள். ஆனால் எதனால் எடுத்தாலும் படம் போனிலோ கார்ட்டிலோ மட்டும் இருந்தால் அது பாதுகாப்பு அல்ல. இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். வேறு வீட்டில், வேறு நாட்டில் உள்ள ஓர் உறவினரிடம் இன்னொரு பிரதி இருக்கட்டும். ஊரிலிருந்து யாராவது பழைய படம் கொண்டுவந்திருந்தால் அதை ஸ்கான் செய்யுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளில் அதற்கான கருவிகள் உண்டு. நகரில் வசிப்பவர்களுக்கு நூலக அட்டை இலவசம்.

வருடத்துக்குப் பத்துப் படமாவது அச்சிடுங்கள். அம்மம்மா அடுப்படியில் நிற்கும் படம், பிள்ளை முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் படம், அப்பா வேலைச் சப்பாத்தோடு வீட்டு வாசலில் நிற்கும் படம். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால், மெதுவாக, நிற்பவர்களின் பெயரையும் இடத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள்.