சாவு வீட்டுக்கு வரும் கர்ணன்

காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்து ஊர்களில் வயதானவர் ஒருவர் இறந்துபோனால், 16ஆம் நாள் காரியத்தை ஒட்டிக் கூத்து விடும் வழக்கம் உண்டு. என்ன கூத்து என்று கேட்க வேண்டியதில்லை, கர்ண மோட்சம்தான். துக்க வீட்டு வாசலில் எதற்கு முகவீணையும் மிருதங்கமும்? அதிலும் ஏன் கர்ணன்? இதன் வேரைத் தேடத் தொடங்கினேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் செத்தவருக்கும் கிடைக்கட்டும். நல்ல வேண்டுதல். ஆனால் மோட்சம் போனவர்கள் புராணங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே!

வில்லிபாரதத்தைப் புரட்டினேன். போருக்கு முன் தன்னைப் பார்க்க வந்த குந்தியிடம் கர்ணன் வரம் கேட்கிறான். நான் களத்தில் விழும்போது மடியில் எடுத்துப் பாலூட்ட வேண்டும், உன் மகன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும் என்கிறான். 17ஆம் நாள் போரில் கிழ அந்தணனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் குருதியால் தாரை வார்க்கிறான். குந்தியும் களத்துக்கு வந்து கதறுகிறாள்.

கூத்தில் இதற்கு முன்னால், மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் கட்டமும் உண்டு. கணவனை இழந்தவளும் மகனைப் பறிகொடுத்தவளும் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள். பெண்வேஷம் கட்டிப் பழகிய வாத்தியார் ஒருவர் சொன்னார்: "குந்தி அழறப்ப அந்த வீடே அழுவுதுங்க. அதுவரைக்கும் அழாத ஆம்பளைங்ககூட அழுதுடுவாங்க." அதே இரவில் கட்டியங்காரன் வந்து சிரிக்கவும் வைப்பான். துக்க வீட்டில் சிரிப்பா என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. சடங்கையும் கேளிக்கையையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்கிற ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதனால்தான்.

இப்படி ஆடுகிறவர்கள்தான் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அர்ச்சுனன் தபசும் ஆடுகிறார்கள். உயரமான தபசு மரத்தில் ஏறி அர்ச்சுனன் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை விரித்துக் காத்திருக்கிறார்கள். அங்கே கூத்து பிறப்புக்கு, இங்கே இறப்புக்கு. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி புரிசை ஊர்க் கூத்தில் நவீன நாடகத்துக்கான உயிரைக் கண்டார். அவர் கண்டதும் மெய்தான், ஆனால் ஊரில் கூத்து நாடகம் மட்டுமல்ல.

என் கேள்விக்கு நெருங்கிய விடை வியாசரிடம் கிடைத்தது. புண்ணியத்தைத் தானமாகக் கேட்கும் காட்சி அவரிடம் இல்லை. ஆனால் ஸ்திரீ பர்வத்தில், போர் முடிந்து இறந்தவர்களுக்குக் கங்கையில் நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்தி பாண்டவர்களிடம் வாய் திறக்கிறாள்: கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன். தருமன் உடைந்துபோகிறான். ஆக, கர்ணனுக்காக அவன் உடன்பிறந்தவர்கள் முதன்முதலாக அழுததே ஒரு கருமாதியில்தான். வில்லியில் தாயின் அழுகை போர்க்களத்துக்கு முன்னேறி வந்தது. கூத்துக்காரர்கள் அதை மறுபடியும் நீர்க்கடன் நடக்கும் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன்.