தண்ணீர் எங்கே நிற்கிறது?

கோவை காந்திபுரத்தில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி பழுது பார்க்கப்படும் என்கிறது பலகை. காபி மேக்கர் என்ற பெயரே அதில் இல்லை. ஆனால் நான் போன காலையில் மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றவை காபி மேக்கர்கள்தான். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்த சீட்டில் ஏறக்குறைய ஒரே வாசகம்: ‘லைட் எரியுது, தண்ணி வரலை.’

வீட்டில் தண்ணீரோடு வேலை செய்யும் சாதனம் எதுவானாலும் என்றாவது ஒரு நாள் இந்தப் புகாரில் வந்து நிற்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கத்தான் போயிருந்தேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மோட்டார் ரீவைண்டிங்கில் தொழில் பழகியவர்.

சிறிது நேரத்தில் ஓர் இளம்பெண் பையில் ஒரு டிரிப் காபி மேக்கரோடு வந்தார். என்ன கம்பெனி, எப்போது வாங்கியது என்று கடைக்காரர் கேட்கவில்லை.

“எந்தத் தண்ணி ஊத்தறீங்க அம்மிணி?”

“போர் தண்ணிதானுங்ண்ணா. நல்ல தண்ணி குடிக்கறதுக்கே சரியா இருக்குது.”

கோவைக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. சிறுவாணி நல்ல தண்ணி. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணீர் முறை வைத்து வருவதால் அதைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறார்கள். மெஷினுக்கு டேப்பில் வருவது போகிறது.

கடைக்காரர் பிளக்கைக் கழற்றி, தொட்டியைக் காலி செய்து, மெஷினைக் கவிழ்த்து அடித்தட்டின் ஸ்க்ரூக்களை எடுத்தார். உள்ளே இருந்தது நான் எதிர்பார்த்ததைவிட எளிமையானது. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஓர் அலுமினியக் குழாய். அதையொட்டியே ஹீட்டர். குழாயின் இரு முனைகளிலும் சிலிக்கோன் டியூப்: ஒன்று தொட்டியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவருகிறது, மற்றொன்று சுடுதண்ணீரை மேலே காபித்தூளுக்குக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான்.

“பம்ப் எங்கே?” என்று கேட்டேன்.

“இதுல பம்ப்பே கிடையாதுங்க. ஆவிதான் தூக்குது.”

குழாயில் தண்ணீர் கொதிக்கும்போது கிளம்பும் நீராவிக் குமிழிகள் தங்களுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. அது தொட்டிப் பக்கமே திரும்பிப் போய்விடாமல் தடுக்க வழியில் ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு எப்படியோ, காபி மேக்கருக்கு இது. பம்ப் செட்டுக்குப் பேர் போன ஊரில் தொழில் பழகியவருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கையேடு தேவைப்பட்டிருக்காது.

பாதை இவ்வளவுதான் என்பதால், தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மெஷினின் நடத்தையே சொல்லிவிடும். ஹீட்டர் சூடாகவே இல்லை என்றால் அது தண்ணீர்ப் பிரச்சினை அல்ல. சுவிட்ச், தெர்மோஸ்டாட், தெர்மல் ஃப்யூஸ் இவற்றில் ஒன்று. சூடாகிறது, ஆனால் குமிழி தொட்டிக்குள்ளேயே கொப்பளித்துத் திரும்புகிறது என்றால் ஒருவழி வால்வு மூடாமல் நிற்கிறது. சூடாகிறது, சத்தமும் ஆவியும் நிறைய வருகின்றன, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் குழாய் உள்ளே அடைத்திருக்கிறது. தொட்டி காலியாகும் நேரத்தில் வரும் கடகடச் சத்தம் மட்டும் கோளாறு அல்ல. கடைசித் தண்ணீரோடு ஆவியும் சேர்ந்து ஏறும் சத்தம் அது.

அந்தப் பெண்ணின் மெஷின் மூன்றாவது வகை. கடைக்காரர் டியூபைக் கழற்றி, அலுமினியக் குழாயின் வாயை வெளிச்சத்துக்கு நேராக என்னிடம் நீட்டினார். சுண்டுவிரல் நுனி போகவேண்டிய துளையில் தீக்குச்சி போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சுற்றிலும் மங்கல் வெள்ளையாக, சொரசொரவென்று கல். மெல்லத் தட்டியதும் செய்தித்தாளின் மேல் முட்டை ஓடு நொறுங்கினாற்போலச் சில்லுகள் விழுந்தன. டியூபுக்குள் இருந்த வால்விலும் ஒரு சில்லு சிக்கியிருந்தது.

உப்புத் தண்ணீர் என்று சொன்னாலும் இந்தக் கல்லைச் செய்வது நாம் சமையலில் போடும் உப்பு அல்ல. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். வாளியில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாதது, ஹீட்டர் இருக்கும் இடத்தில் மட்டும் கல்லாகிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600 மனிதர் குடிப்பதற்கான வரம்பு. சுண்டுவிரல் பருமனுள்ள சூடான குழாய்க்கு அது அதிகம். இன்னொன்று: வீட்டுக்கு வந்து பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுகிறார்களே, அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடுவது. கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, உதிர்ந்த சில்லுகளில் இரண்டைப் போட்டார் கடைக்காரர். உடனே அவற்றைச் சுற்றி நுரை கட்டியது. கல் கரையும்போது கரியமில வாயு கிளம்புகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சில்லின் ஓரங்கள் மழுங்கியிருந்தன.

“இதை மூணு மாசத்துக்கு ஒருக்கா நீங்களே பண்ணியிருந்தா இங்க வரவேண்டியதில்லீங்க அம்மிணி” என்றார். அந்தப் பெண் செய்முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நானும்தான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு. காபித்தூள் இல்லாமல் இந்தக் கரைசலைத் தொட்டியில் ஊற்றி ஓட்ட வேண்டும். கொஞ்சம் மேலே ஏறியதும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு மீதியை ஓட்டி, அதன்பின் வெறும் தண்ணீரைப் புளிப்பு போகும்வரை ஓட்ட வேண்டும். அலுமினியத்துக்கு அமிலம் நல்லதல்ல என்பதால் இரவு முழுக்க ஊறவைக்கக் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட் கிட்டவே வரக்கூடாது. கல்லோடு குழாயையும் அது தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

அடுத்து மேசைக்கு வந்தது ஓர் எஸ்பிரஸோ மெஷின். இதில் உண்மையாகவே பம்ப் உண்டு. கம்பிச் சுருளுக்கு நடுவே ஒரு சிறு பிஸ்டன், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஈடாக முன்னும் பின்னும் துடிக்கிறது. தண்ணீர் இருந்தால் அடர்ந்த ரீங்காரம். இல்லாவிட்டால் கடகடவென்று வறண்ட சத்தம். சுவிட்சைப் போட்டதும் இரண்டாவது சத்தம்தான் கேட்டது. உடனே அணைத்தார். வறட்சியில் ஓடவிட்டால் பம்ப் சூடேறிப் போய்விடும்.

“ஏர் புடிச்சிருக்குதுங்க. தொட்டி காலியானது தெரியாம ஓட்டியிருப்பாங்க.”

ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, தொட்டி உட்காரும் இடத்திலுள்ள துளையில் வைத்து மெல்ல அழுத்தினார். தொட்டியை மாட்டி, ஆவிக்குழாயின் திருகைத் திறந்துவைத்துப் பம்ப்பைச் சில விநாடி ஓட்டினார். குழாய் முனை இரண்டு முறை துப்பியது, மூன்றாவது முறை கம்பியாகத் தண்ணீர் வந்தது. சத்தமும் மாறியது. வேலை முடிந்தது. இதே மாதிரி மெஷினுக்கு வேறோர் இடத்தில் பம்ப்பையே மாற்றச் சொல்லியிருந்தார்களாம்.

எஸ்பிரஸோ மெஷினில் இன்னொரு சோதனையும் காட்டினார். காபித்தூள் வைக்கும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்ட வேண்டும். தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் மெஷினில் குறையில்லை. தூள் அளவுக்கு மீறி நைசாக இருக்கிறது, அல்லது அழுத்தி வைத்திருக்கிறார்கள், அல்லது தூள் வைக்கும் வடிகட்டியின் துளை அடைத்திருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும். ஃபில்டர் காபிக்கு அரைத்த சிக்கரி கலந்த தூளை இப்படிப்பட்ட மெஷின்களில் போட்டு அடைப்பை வரவழைப்பவர்கள் நம்மூரில் அதிகம்.

நம் வீட்டுப் பித்தளை ஃபில்டருக்கும் இதே விதி. டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்றால் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் போதும். அடைத்த துளைகள் இருட்டாகத் தெரியும். அடுப்புத் தணலில் காட்டி எண்ணெய்ப் பிசுக்கை எரித்துவிட்டு பிரஷ் போடும் பாட்டிகளின் வைத்தியம் சரியானதுதான். பிளாஸ்டிக் பிடி உள்ளதில் மட்டும் செய்யக் கூடாது.

மதியத்துக்கு மேல் கடைக்காரருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒரு வீட்டுக்குப் போனேன். மாடி போர்ஷன். வாஷிங் மெஷினில் தண்ணீர் நிறைய ஒரு மணி நேரம் ஆகிறது என்று அழைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா, “போர்டு போயிருச்சுன்னு சொல்றாங்க, அப்படியா தம்பி?” என்று கவலையோடு கேட்டார்.

கடைக்காரர் மெஷினைத் திறக்கவில்லை. டேப்பை மூடி, பின்பக்க ஹோஸை மெஷினிலிருந்து கழற்றி, வாளிக்குள் விட்டு டேப்பைத் திறந்தார். தண்ணீர் விறுவிறுவென்று வந்தது. அப்படியானால் தொட்டியிலும் குழாயிலும் குறையில்லை. ஹோஸுக்கும் மெஷினுக்கும் நடுவில்தான் அடைப்பு. மெஷினின் தண்ணீர் வாயில் விரல்நகம் அளவு பிளாஸ்டிக் வலை ஒன்று இருக்கிறது. குறட்டால் அதை மெதுவாக இழுத்தெடுத்தார். வலை தெரியவே இல்லை. மணல், துரு, பச்சைப் பாசி மூன்றும் சேர்ந்து ஒரு மூடியாகிவிட்டிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் மெஷின் நிரம்பத் தொடங்கியது.

வாளியில் விட்டபோதே தண்ணீர் மெலிதாக வந்திருந்தால் கதை வேறு. மேல்நிலைத் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தலைக்கு மேல் மூன்று மீட்டரில் தொட்டி உள்ள மாடி வீட்டில் அது 0.3 பார்தான். மெஷின் வாங்குமுன் கையேட்டில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்ற வரியைப் பார்ப்பவர்கள் குறைவு. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கிளம்பும்போது அந்த அம்மா குளியலறையையும் காட்டினார். சுடுதண்ணீர் நூல் மாதிரி வந்தது. அதே டேப்பில் பச்சைத் தண்ணீர் நன்றாகவே வந்தது. இரண்டும் மெலிந்திருந்தால் டேப்பின் மூக்கிலுள்ள சல்லடையைத் திருகிக் கழுவினால் போதும். ஒன்று மட்டும் மெலிந்தால் கோளாறு அந்தப் பக்கத்துக் குழாயில். இங்கே கீஸரிலும் அதன் வால்விலும் கல். அழுத்தம் தாங்கும் தொட்டி, மூன்று கிலோவாட் வரை போகும் மின்சாரம் இரண்டும் சேர்ந்த சாதனம் கீஸர். அதைத் திறப்பது தெரிந்தவர் வேலை என்று சொல்லி, கடைக்காரர் மறுநாள் வருவதாக நேரம் குறித்துக்கொண்டார்.

அன்று நான் பார்த்த எதிலும் பெரிய உதிரிப்பாகம் எதுவும் மாற்றப்படவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: தண்ணீர் புறப்படும் இடத்திலிருந்து தொடங்கி, பாதையை ஒவ்வோர் இடத்திலும் இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் நிற்கிறது என்று பார்த்தது. இதை வீட்டிலேயே செய்யலாம். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. காபி மேக்கரில் தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டால் அதை நேரடியாக இணைத்து ஓட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அடைப்பினால் தண்ணீரின்றிக் குழாய் சூடேறும்போது மெஷின் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃப்யூஸ்தான். அது போனால் அதே அளவுள்ள புதியதைப் போட வேண்டும், கூடவே கல்லையும் எடுக்க வேண்டும்.

காபி மேக்கர் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்து அடியில் படிந்ததை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றினாலும் கல் குறையும். அப்படியும் நின்றுபோய்க் கடைக்கு எடுத்துப் போனால், “பம்ப் போச்சு, போர்டு போச்சு” என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, காட்டுங்கள். காட்டத் தெரிந்தவரிடம் மட்டும் மெஷினைக் கொடுங்கள்.