கடனும் மறுமொழியும்

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியது ஒன்று. ஒருவர் செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வகுத்துரைக்கும் கடன்கள் யாவும் கடமைகளே. பணத்தைக் குறிக்கும்போதும் கடமையின் நிழல் அச்சொல்லை விட்டு நீங்குவதில்லை. ஆதலால், கடனைக் கட்ட இயலாதவர் தம்மைப் பணமில்லாதவராக மட்டும் கருதுவதில்லை. கடமை தவறியவராகவும் கருதி நாணுகிறார். நாணம் நல்ல பண்புதான். ஆனால், அது வாயை அடைத்துவிடும்போது அவருக்கே பகையாகி விடுகிறது.

மலேசியாவில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களை அந்நாணம் பெரும்பாலும் ஒரு கடிதத்தின் வடிவில் வந்தடைகிறது. கடனட்டையில் கட்டிய மருத்துவச் செலவு, மகளின் கல்லூரிக் கட்டணம், 2020-ஆம் ஆண்டின் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கைநழுவிய வேலை எனக் காரணங்கள் பலவாயினும் முடிவு ஒன்றே. தவணை தவறுகிறது, வங்கி நினைவூட்டுகிறது, பின்னர், வங்கியின் சார்பில் கடன் வசூல் நிறுவனம் ஒன்று எழுதுகிறது. 14 நாள்களுக்குள் 6,480 வெள்ளியைச் செலுத்த வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை என்று அக்கடிதம் கூறுவதாகக் கொள்வோம். கைக்கு 2,400 வெள்ளி வரும் வீட்டில் அத்தொகைக்கு எங்கே போவது?

இந்நிலையில் மனிதர் செய்யும் பிழைகள் மூன்று. கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் துணிகளுக்கு அடியில் மறைத்து வைப்பது முதலாவது. மனைவிக்குத் தெரியாது, மக்களுக்குத் தெரியாது, வட்டிக்கு மட்டும் தெரியும். வட்டி முதலைகளிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது இரண்டாவது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி பெறக்கூடாது என்பது 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டத்தின் விதி. உரிமமற்றவர் மாதம் 10 விழுக்காடு கேட்டால், ஓராண்டில் வட்டியே முதலை விஞ்சிவிடும். தொலைபேசியில் வரும் அதட்டலுக்கு அஞ்சி, இயலாத தொகையைத் தருவதாக வாக்களிப்பது மூன்றாவது. அடுத்த மாதமே அவ்வாக்குப் பொய்த்துவிடும்; பின்னர் சொல்லும் உண்மையையும் எவரும் நம்பமாட்டார்.

கடிதத்தை முதலில் அமைதியாகப் படிக்க வேண்டும். கடன் யாருடையது? அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பிற கட்டணம் எவ்வளவு? எழுதிய நிறுவனத்துக்கு வங்கி உண்மையாகவே அதிகாரம் அளித்துள்ளதா? இவற்றை வங்கியிடமே கேட்டு, எழுத்து மூலமாகக் கணக்கைப் பெறுவது அறிவுடைமை. வசூலிப்பவர் பெயரில் வரும் போலிக் கடிதங்களும் உண்டு.

கடனின் வயதையும் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில், 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்காக வழக்குத் தொடுக்க 6 ஆண்டுகளே கெடு. ஆயினும், கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தினாலும் அக்கணக்குப் புதிதாகத் தொடங்கக்கூடும். எனவே, மிகப் பழைய கடனாயின், எதிலும் கையொப்பமிடுமுன் சட்டம் அறிந்தவரைக் கேட்பது நலம்.

அடுத்து அறிய வேண்டியது, வசூல் நிறுவனத்தின் கடிதம் நீதிமன்ற ஆணையன்று என்பது. அந்நிறுவனத்தின் ஆள் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்ல இயலாது. அதற்கு நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். திவாலாக்கிவிடுவோம் என்னும் அச்சுறுத்தலையும் எடைபோட வேண்டும். முன்பு 30,000 வெள்ளியாக இருந்த திவால் வரம்பு 2017-இல் 50,000 ஆயிற்று. பின்னர் 100,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால், நீதிமன்ற அழைப்பாணை வந்துவிட்டால் நிலைமை வேறு. குறித்த நாளில் மறுமொழி தராதவருக்கு எதிராக, அவர் தரப்பைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்படலாம். வெற்று மிரட்டலுக்கு அஞ்சவும் வேண்டா. அழைப்பாணையை அலட்சியம் செய்யவும் கூடாது.

இதன்பின் வருவதே கடினமான வேலை: கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காரும் வேலை. வாடகை 700, உணவு 750, பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பேருந்தும் 350, மின்சாரம், நீர், தொலைபேசி 200, மருந்து 100, மோட்டார் சைக்கிள் தவணை 180. கூட்டினால் 2,280 வெள்ளி; எஞ்சுவது 120. இந்தக் கணக்கில்தான் கடன் என்னும் சொல்லின் இரு பொருள்களும் எதிரெதிரே நிற்கின்றன. வங்கிக்குத் தருவது கடன். பிள்ளைக்குச் சோறிடுவதும் கடன். சோற்றைக் குறைத்து வங்கிக்குக் கட்டியவரை நேர்மையாளர் என்று உலகம் புகழலாம். ஆனால், அவர் ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடனைத் தவறவிட்டவரே ஆவார். இரண்டையும் காக்கும் தொகை 100 வெள்ளி என்றால், 100 வெள்ளி என்று சொல்வதே உண்மை.

அதைக் கடிதமாக எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், தலைப்பு, பத்திகள் என்று அலுவல் கடிதத்தின் அமைப்பைப் பள்ளியில் மாணவர் யாவரும் கற்கின்றனர். தேர்வுத்தாளுக்கு அப்பால் அது ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கும் என்பதை அவர்களுள் பலர் அறிவதில்லை. மலாயில் எழுத நேர்ந்தாலும் அமைப்பு அதுவே. கணக்கு எண், வருமானம், செலவு, இயலும் தொகை, செலுத்தும் நாள் ஆகியவற்றைக் கெஞ்சலும் சினமுமின்றி எழுதி, படியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் 100 வெள்ளி வீதம் 6,480 வெள்ளி தீர 65 மாதங்கள் ஆகும். அதுவும் வட்டி நின்றால்தான். ஆண்டுக்கு 18 விழுக்காடாயின் முதல் மாத வட்டியே ஏறத்தாழ 97 வெள்ளி. ஆகவே, வட்டியை நிறுத்தவோ குறைக்கவோ கேட்பது சலுகைக்கான ஆசையன்று, கணக்கின் தேவை.

வங்கி இணங்கும் என்னும் உறுதி இல்லை. அப்போது துணை நிற்பது, மலேசிய மத்திய வங்கி 2006-இல் தோற்றுவித்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம். கட்டணமின்றி ஆலோசனை தருவதோடு, தகுதியுடையோருக்குக் கடன் நிர்வாகத் திட்டம் வகுத்து வங்கிகளுடன் பேசவும் செய்கிறது. அதன் வாயிலை மிதிக்க நாணுவோர் பலர். மருத்துவமனைக்குச் செல்ல நோயாளி நாணுவதில்லையே!

ஏழ்மை குற்றமன்று, இயலாமையும் குற்றமன்று. வாங்கியதை மறுப்பதும், தர இயன்றதை மறைப்பதுமே இழிவு. இயன்றதை எழுதி, எழுதியபடி மாதந்தோறும் செலுத்துபவர், முழுக்கடனும் தீரும் நாளுக்கு முன்பே தம் பிள்ளைகளின் முன் தலைநிமிர்ந்து நடக்கலாம்.