ஏர் கன்னும் ஒரு லூஸ் பின்னும்

பலூன் சுடும் துப்பாக்கி தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மெரினாவிலோ, ஊர்த் திருவிழாவிலோ, பொருட்காட்சியிலோ பலகையில் வரிசையாகப் பலூனைக் கட்டி வைத்துக்கொண்டு "வாங்க சார், சுட்டுப் பாருங்க சார்" என்று கூப்பிடுவார்களே, அதேதான். குறி தப்பினால் "துப்பாக்கியில ஏதோ கோல்மால் பண்ணி வெச்சிருக்கான்" என்று ஒரு வசனம் பேசிவிட்டு நகர்வது நம்மூர் வழக்கம். கோல்மால் இருக்கிறதோ இல்லையோ, பல துப்பாக்கிகளில் வேறொன்று இருக்கும். ஒரு லூஸ் பின்!

நான்கு மில்லிமீட்டர் தடிமன், தீக்குச்சியில் பாதி நீளம். இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று சிரிக்க வேண்டாம். அது கழன்றால் போவது விரல்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். குழலை மடக்கி இழுக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் பின்னால் போய், பெரிய ஸ்பிரிங் ஒன்றை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அதை அப்படியே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கொக்கி. விசையை இழுத்தால் கொக்கி விலகும், பிஸ்டன் முன்னால் பாயும், அதன் முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, சின்னத் துளை வழியாகப் போய் ஈயக் குண்டைத் தள்ளும். சைக்கிள் பம்பை வெறி பிடித்த வேகத்தில் ஒரே ஒரு முறை அடிப்பது போல. பழைய துப்பாக்கிகளில் பிஸ்டன் தலையில் இருப்பதும் சைக்கிள் பம்பில் இருக்கும் அதே மாதிரி தோல் வாஷர்தான்.

அந்தக் கொக்கி எதன் மேல் ஆடுகிறது? நம் கதாநாயகன் மேல்தான். ஸ்பிரிங்கின் மொத்த பலமும் கொக்கி வழியாக அந்தப் பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, இரும்புப் பின் ஏன் தானாக வெளியே நகர வேண்டும்? காரணம் உதைதான். சாதாரணத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இரட்டை உதை. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கப்படும். இரண்டும் சேர்ந்து ஒரு நொடியில் நூறில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. ஓட்டை கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், பின் மயிரிழை மயிரிழையாக நகர ஆரம்பிக்கும்.

இந்த இரட்டை உதை பெரிய ஆட்களையும் படுத்திய சமாச்சாரம். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி 300 மாடலில் துப்பாக்கியின் இயங்கும் பகுதி முழுவதும் தண்டவாளம் மாதிரி கட்டையின் மேல் வழுக்கிப் போகும்படி செய்து உதையைச் சமாளித்தது. பிறகு போட்டித் துப்பாக்கிகள் ஸ்பிரிங்கையே கைவிட்டுவிட்டன. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான், ஆனால் அதில் வேலை செய்தது அடைத்து வைத்த காற்று. பலூன் கடைக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? அங்கே இன்றும் ஸ்பிரிங்தான்.

பின் லூசாவதை வேகப்படுத்தும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, குண்டு போடாமல் சும்மா சுடுவது. குண்டு இருந்தால் அதன் பின்னால் காற்று அடைபட்டு பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிற்கும். இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு 'டங்'. இரண்டாவது, சத்தமாக வெடிக்கட்டும் என்று உள்ளே எண்ணெய் விடுவது. நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், டீசல் என்ஜினில் நடக்கிற அதே கதை. சத்தம் ஜோராக இருக்கும். அடி முழுவதும் ஸ்பிரிங்குக்கும் பின்னுக்கும்.

மெரினாவில் கடை போடும் ஒருவரின் துப்பாக்கியில் நடந்ததைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கிட்டப் பார்வை மங்கல். அதனால் விடுமுறை நாட்களில் குண்டு போடுவது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். துப்பாக்கியின் பின் தினமும் வெளியே எட்டிப் பார்க்கும், அவர் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிடுவார். ஒரு நாள் மணலில் விழுந்து தொலைந்தது. மெரினா மணலில் பின் தேடுவதா? ஓர் ஆணியை வெட்டிச் சொருகி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினார். இரண்டு வாரம் ஓடியது.

ஆணி மெதுவான இரும்பு. வளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மடக்கிய குழலில் மகள் குண்டு வைத்துவிட்டுக் கையை எடுத்த மறுகணம் கொக்கி நழுவியது. குழல் தானாக மேலே வந்து அறைந்தது. அரை நொடி முன்னால் நடந்திருந்தால் அந்தப் பெண்ணின் விரல் இடையில் இருந்திருக்கும். அன்று அதற்கு மேல் கடை நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லேத் பட்டறை. வளைந்த ஆணியைக் கையில் வைத்துப் பார்த்த லேத்காரர் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, இதை நம்பியா பாப்பா கையை விட்டீங்க?"

"வேலையை முடிச்சுக் குடு தம்பி" என்றார் கடைக்காரர். வேறு பதில் இல்லை.

செய்த வேலை இதுதான். முதலில் குழலை மடக்கிப் பார்த்து ஸ்பிரிங் தளர்ந்த நிலையில்தான் இருக்கிறது, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்தார். பிறகு கட்டையைக் கழற்றினார். (பல துப்பாக்கிகளில் கட்டையின் மரமே பின் வெளியே வராமல் இரண்டு பக்கமும் காவல் நிற்கும். கட்டையின் ஸ்க்ரூ லூசானால் அந்தக் காவலும் போச்சு. பின் நகர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஸ்க்ரூவைத்தான்.)

அடுத்து, வெர்னியர். ஓட்டை ஒரு பக்கம் 4, இன்னொரு பக்கம் 4.2 மில்லிமீட்டர். வட்டம் முட்டையாகிவிட்டது. இதில் பசை ஊற்றுவதோ முனையைச் சுத்தியலால் நசுக்குவதோ வீண். பசை அதிர்ச்சியில் உடையும். நசுக்கிய பின் அடுத்த முறை கழலாது. வெல்டிங் வைத்தால் பக்கத்து இரும்பின் பதமே கெட்டுவிடும். ஆகவே ரீமர். இரண்டு சுவரையும் ஒரே நேர்கோட்டில், ஒரே ஓட்டத்தில் 4.5-க்குத் துளைத்தார். கொக்கியின் ஓட்டையையும் அதே அளவுக்கு, மயிரிழை தாராளமாக. உடம்பில் பின் இறுக்கமாக நிற்க வேண்டும், கொக்கி அதன் மேல் தடையில்லாமல் ஆட வேண்டும். இந்த இரண்டும் இடம் மாறினால் வேலை பாழ்.

பின்னுக்கு சில்வர் ஸ்டீல் கம்பி. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, மறுபடி நீல நிறம் வரும் வரை மட்டும் சூடாக்கினார். முக்கியதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும், நீலம் வந்தால் உறுதியும் இருக்கும், வளைந்து கொடுக்கவும் செய்யும். முனைகளைக் கொஞ்சம் சரிவாக்கி, பஞ்ச் வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினார்.

யாராவது வீட்டில் செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சில மாடல்களில் பின்பக்கத்துப் பின்தான் தளர்ந்த ஸ்பிரிங்கையும் உள்ளே அடக்கி வைத்திருக்கும். ஜெர்மனியின் டயானா 34 அப்படிப்பட்டது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்தப் பின்னைத் தட்டினால் உள்ளே இருப்பது மூஞ்சிக்கு வரும். எந்தப் பின் எதைப் பிடிக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

கடைசியில் சோதனை. மணல் மூட்டையைப் பார்த்து வைத்து, குண்டு போட்டு, கட்டையின் அடியை ரப்பர் மேல் லேசாகத் தட்டிப் பார்த்தார். தானாக வெடிக்கவில்லை. பிறகு பின்னின் முனையிலிருந்து உடம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு 50 குண்டு சுட்டார். கோடு கோடாகவே இருந்தது. பின் நகரவும் இல்லை, சுழலவும் இல்லை.

கூலியை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது: "அண்ணா, பின்னு நிக்கும். ஆனா குண்டு போடும்போது இன்னொரு கை குழலை விடவே கூடாது. பாப்பாகிட்ட இல்ல, உங்ககிட்டதான் சொல்றேன்."

இப்போது அந்தக் கடையில் குழலை அவர் பிடித்துக்கொள்கிறார், மகள் குண்டு போடுகிறாள். ஒரு பலூனுக்கு நான்கைந்து நொடி கூடுதலாகிறது. வரிசையில் நிற்பவர்கள் "சீக்கிரம்பா" என்கிறார்கள். அடுத்த முறை அப்படிச் சொல்லத் தோன்றினால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே!