நுரை ததும்பும் தேநீர்

'லாட்டே' என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பால் என்பதே பொருள். பெயர் புதிதாயினும், செய்முறை நம் அடுக்களைக்கு அந்நியமன்று. அரைத் தம்ளர் நீரில் 2 தேக்கரண்டித் தேயிலைத்தூளும் தட்டிய இஞ்சியும் இட்டு, கால் தம்ளராகச் சுண்டியதும் வடிகட்டுக. முக்கால் தம்ளர் பாலைக் காய்ச்சி, உயரத் தூக்கி ஆற்றினால் நுரை எழும். அதற்கு இயந்திரம் வேண்டா. அப்பாலை வடிநீரின்மீது மெல்லச் சேர்த்தால் போதும்.

வங்கிப் பணியில் இருந்த 36 ஆண்டுகளும் விடியலில் எனக்குத் தேநீர் அளித்தவர் என் துணைவியார். முடக்குவாதத்தால் இன்று அவர் விரல்கள் தம்ளரின் விளிம்பைப் பற்ற இயலாதவை. ஆகவே இப்போது நான் ஆற்றுகிறேன். இரு உள்ளங்கைகளாலும் ஏந்தி அவர் அருந்துகிறார். "இன்னும் சற்று உயரத் தூக்கி ஆற்றுங்கள்" என்பார், பணிகிறேன்.

பணி ஓய்வு பெற்ற அன்பர்களே, நாளை விடியலில் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். இல்லத்தில் செய்யும் தொண்டும் தொண்டே.