பிறர் செலவு

தம்மைக் காட்டிலும் குறைவாகச் செலவிடுகிறவரைக் கருமி என்றும், கூடுதலாகச் செலவிடுகிறவரை ஊதாரி என்றும் சொல்வது மனித இயல்பு. தாம் செலவிடும் அளவுக்கு மட்டும் சிக்கனம் என்று பெயர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் தில்லியில் பல ஆண்டுகள் பிறர் வீட்டு அடுப்பங்கரையை அளந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல இம்மலரைவிடப் பொருத்தமான இடம் எனக்கு வேறில்லை. இதைப் படிப்பவர்களில் பலர் என்னைப் போலவே ஒரு தகரப் பெட்டியோடு புது தில்லி நிலையத்தில் வந்து இறங்கியவர்களாகவோ, அப்படி இறங்கியவர்களின் மக்களாகவோ இருப்பீர்கள்.

1974-ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பின் வந்த, 260 ரூபாயில் தொடங்கும் சம்பளம். கரோல்பாகில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை; ‘பர்சாத்தி’ என்பார்கள். வெயிலில் தகிக்கும், குளிரில் நடுங்க வைக்கும். திருமணமான பின்னும் அதே அறைதான். ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அன்றைய செலவைக் கணக்கு நோட்டில் எழுதுவேன். தீப்பெட்டி, கொத்தமல்லி, பஸ் கட்டணம் எதுவும் விடுபடாது. மாலையில் கோல் மார்க்கெட்டிலேயே இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தால் 5 காசு மிஞ்சும், நடப்பேன். முதல் தேதி கடந்ததும் ஊருக்கு 75 ரூபாய் மணியார்டர் போகும். படிவத்தின் அடித்துண்டில் இரண்டு வரி எழுத இடமிருப்பதால், அந்த மாதத்துக்குத் தனிக் கடிதம் வேண்டியதில்லை என்று எண்ணிய நாள்களும் உண்டு.

இதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் சிவகங்கைச் சீமையில் வானம் பார்த்த பூமி. அக்காள் திருமணத்துக்காக அப்பா ஒத்தி வைத்த மூன்று குறுக்கம் நிலம் அவர் காலத்தில் மீளவே இல்லை. கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்காரும்போது அப்பா புழக்கடை வழியாக வெளியேறுவதைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். என் திண்ணையில் எவரும் அப்படி வந்து உட்காரக்கூடாது என்பதுதான் என் பொருளாதாரக் கொள்கை முழுவதும்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாள் குடியிருந்தார். மாதாஜி என்போம். 1947 பிரிவினையில் லாயல்பூரை விட்டு வந்த குடும்பம். அவ்வூருக்கு 1977-இல் பைசலாபாத் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டில் பணம் ஒரு நாள் தங்கியதாக நான் பார்த்ததில்லை. நெய் டின் டின்னாக வரும். யாராவது வந்துவிட்டால் பையன் மிட்டாய்க் கடைக்கு ஓடுவான். ரொட்டி எண்ணிச் சுட்டதாகச் சரித்திரமே இல்லை. காய்காரனிடம் நோட்டை நீட்டுவார். மீதிச் சில்லறையை எண்ணாமலே துப்பட்டா முனையில் முடிந்துகொள்வார். நானும் என் மனைவியும் மாடியில் நின்று இதையெல்லாம் பார்த்து, ‘மாதக் கடைசியில் இவர்கள் என்ன செய்வார்கள்?’ என்று பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சில் கவலையைவிட இன்பமே மிகுதி என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தமிழ் நண்பர்கள் கூடினாலும் இதுதான் பேச்சு: ‘இவங்களுக்குச் சேர்க்கத் தெரியாது சார்.’ அவர்களும் தம் வீடுகளில் ‘மதராசிக்குச் சாப்பிடத் தெரியாது’ என்று பேசியிருப்பார்கள்.

1979 தீபாவளிக்குப் பிறகு அம்மாவிடமிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தம்பி கையெழுத்து. ‘பேத்தியைப் பார்க்கணும் போல இருக்கு. ஒரு நடை வந்துட்டுப் போப்பா.’ அவ்வளவுதான். நோய் என்று ஒரு சொல்லும் இல்லை. என் மனைவிக்குத் தாய் இல்லாததால் பிரசவம் தில்லியிலேயே நடந்தது. ஏழு மாதக் குழந்தையை அம்மா இன்னும் பார்த்திருக்கவில்லை.

நான் கணக்கு நோட்டை எடுத்தேன். சொந்த ஊர் செல்ல இரண்டாண்டுக்கு ஒரு முறை அரசு தரும் எல்.டி.சி. சலுகையை 1978-லேயே தம்பி திருமணத்துக்குப் பயன்படுத்திவிட்டேன். அடுத்த இரண்டாண்டுக் கணக்கு 1980 ஜனவரியில் தொடங்கும். இடையில் இரண்டே மாதம். சொந்தப் பணத்தில் போய் வந்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரையும். ‘பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறோம்’ என்று மணியார்டர் துண்டில் எழுதினேன். அதைச் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

டிசம்பர் 29, சனிக்கிழமை மாலை தந்தி வந்தது. புதிய கணக்குத் தொடங்க மூன்று நாள் இருந்தது.

அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தில் 1,100 ரூபாய் இருந்தது. திங்கட்கிழமை வரை அதில் ஒரு ரூபாயும் எடுக்க வழியில்லை. கையிலோ 40 ரூபாய். அழுகைச் சத்தம் கேட்டுப் படியேறி வந்த மாதாஜி விவரம் கேட்டார், கீழே போனார், திரும்பி வந்து ஒரு நோட்டுச் சுருளை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். எண்ணவில்லை. குழந்தைக்கு ஒரு கம்பளிச் சால்வையும், வழிக்குத் துணி நிறையப் பராட்டாவும் வந்தன. கிடைத்த ரயிலில் ஏறினோம். ரயிலில்தான் எண்ணிப் பார்த்தேன்: 340 ரூபாய்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் பெட்டியில், படிக்கத் தெரியாத அவர், என் மணியார்டர் துண்டுகள் அத்தனையையும் நூலில் கோத்து வைத்திருந்தார். கடைசியில் இருந்தது பொங்கல் துண்டு.

மாதாஜியின் கடனை நான்கு தவணையில் தீர்த்தேன். ஒவ்வொரு முறையும் எண்ணாமலே வாங்கிக்கொண்டார். பொறுக்காமல் காரணம் கேட்டேன். அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிய பெரிய சாவியைக் காட்டினார். லாயல்பூர் வீட்டுச் சாவி. நெய் தொடாமல், நல்ல துணி உடுத்தாமல் மாமனார் சேர்த்துக் கட்டிய வீடாம். ‘பூட்டி வைத்ததெல்லாம் அங்கேயே போயிற்று, பேட்டா. எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்தாம் அன்றிரவு எங்களை ஒளித்து வைத்து வண்டியேற்றி அனுப்பினார்கள்’ என்றார்.

எனக்கு அந்தத் திண்ணை. அவருக்கு அந்தச் சாவி. அவரவர் பட்டதிலிருந்து அவரவர் கணக்குப் போட்டிருந்தோம். மாடியில் நின்றவனுக்கு நெய் டின் தெரிந்தது, சாவி தெரியவில்லை.

வரவு சிறிதானாலும் செலவு அதை மீறாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் எடைபோடுவது பற்றிய அதிகாரத்தில் வீட்டுக் கணக்குக்கு என்ன வேலை என்று இளமையில் வியந்ததுண்டு. இப்போது விளங்குகிறது. வலிமையைக் கூட்டி அளப்பவன் மட்டுமல்ல, குறைத்து அளப்பவனும் தவறுகிறான். 1,100 ரூபாய் வைத்துக்கொண்டு ஊருக்குப் போக வலிமையில்லை என்று நான் முடிவு செய்தேன். அண்டை வீட்டாரோ பகைவரல்லர். அவர் வலிமையை நான் அளந்திருக்கவே வேண்டியதில்லை.

சிக்கனத்தை நான் கைவிட்டுவிடவில்லை. 1986-இல் அந்த மூன்று குறுக்கத்தை மீட்டது அதுதான். மகளைப் படிக்க வைத்ததும் அதுதான். மாதாஜி வீட்டிலும் மாதக் கடைசியில் கடனால் குரல்கள் உயர்ந்ததுண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை.

தந்திச் சேவை 2013-இல் நின்றுவிட்டது. மாதாஜியும் இன்றில்லை. கணக்கு நோட்டு மட்டும் நிற்கவில்லை. சால்வையில் சுற்றிக் கொண்டுபோன அந்தக் குழந்தை இப்போது பெங்களூரில் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எங்களைப் பார்க்க விமானத்தில் வந்துவிடுகிறாள். கதவைத் திறந்ததும் ‘டிக்கெட் எவ்வளவும்மா?’ என்பதே என் முதல் கேள்வியாக இருந்து வந்தது. அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். என் மனைவி மட்டும் என்னை ஒரு முறை பார்ப்பாள்.

சென்ற முறை வந்தபோது நான் கேட்கவில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்றுதான் கேட்டேன்.