டோகோ போன இரண்டு வீடுகள்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து பார்க்ஸ் நெடுஞ்சாலை வழியாக ஃபேர்பேங்ஸ் வரை போகும் தூரம் ஏறக்குறைய 580 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்குப் போகிற தூரத்தைவிடச் சற்று அதிகம். ஆனால் வழியில் டோல் கிடையாது, ஆர் அண்ட் ஆர் கிடையாது. மணிக்கணக்கில் ஸ்ப்ரூஸ் மரங்களும் ஆறுகளும்தான். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரம் ஒரு மூஸ் மான் நிற்கும்.

பெரும்பாலான பயணிகள் இந்தச் சாலையில் போவது வட அமெரிக்காவின் மிக உயரமான மலையைப் பார்ப்பதற்காக. உயரம் 6,190 மீட்டர். பல நாள்கள் அது மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நாங்கள் போன ஆகஸ்ட் மாதத்திலும் அப்படித்தான். எங்களுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நாங்கள் போனது நாய்களைப் பார்க்க. பனியில் வண்டி இழுக்கும் நாய்களை எப்படி வளர்க்கிறார்கள், வயதானதும் அவை எங்கே போகின்றன என்பதை இந்த ஒரே சாலையில் மூன்று இடங்களில் நின்று தெரிந்துகொள்ளலாம்.

வசில்லா: ஜன்னலை உடைத்த குட்டி

ஆங்கரேஜிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வசில்லா வந்துவிடும். 1973 முதல் ஆண்டுதோறும் நோம் நகர் வரை நடக்கும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது. பந்தயத் தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். அந்தக் கட்டடத்துக்குள் பாடம் செய்து வைக்கப்பட்ட ஒரு நாய் நிற்கிறது. பெயர் டோகோ. ஜப்பானியக் கடற்படைத் தளபதி டோகோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன நாயா என்றுதான் முதலில் தோன்றும்.

டோகோ 1913-இல் பிறந்தது. அதன் எஜமானர் லியோன்ஹார்ட் செப்பாலா, நார்வேயிலிருந்து அலாஸ்காவுக்கு வந்து பேர்பெற்ற நாய்வண்டி ஓட்டுநர். குட்டியாக இருந்தபோது டோகோவுக்கு உருவமும் சிறியது, தொண்டையில் வீக்கமும் இருந்தது. செப்பாலாவின் மனைவி கான்ஸ்டன்ஸ்தான் அதைப் பராமரித்துத் தேற்றினார். உடம்பு தேறியதும் சேட்டை ஆரம்பித்தது. வண்டி கிளம்பினால் கொட்டிலிலிருந்து தப்பித்து ஓடி வந்து, வேலையில் இருக்கும் நாய்களைச் சீண்டும். இது வேலைக்கு ஆகாது என்று செப்பாலா முடிவு கட்டினார். ஆறு மாதக் குட்டியை, வீட்டில் செல்லமாக வளர்க்கச் சொல்லி ஒரு பெண்மணியிடம் கொடுத்துவிட்டார்.

கொடுத்த இடத்தில் கவனிப்புக்குக் குறைவில்லை. இருந்தும் சில வாரங்களில் குட்டி மூடிய ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே குதித்து, பல மைல் தூரம் ஓடி, பழைய கொட்டிலுக்கே திரும்பிவிட்டது.

எட்டு மாத வயதில், வேறு வழியில்லாமல் செப்பாலா அதை மற்ற நாய்களோடு வண்டியில் பூட்டினார். முதல் நாளே 120 கிலோமீட்டர் ஓடியது. நாள் முடிவதற்குள் முன்வரிசைக்கே போய்விட்டது. அடங்காத குட்டி என்று எல்லாரும் நினைத்தது, உண்மையில் வேலை கேட்டுக்கொண்டிருந்த குட்டி.

டெனாலி: முப்பது நாய், முப்பது குணம்

வசில்லாவிலிருந்து வடக்கே நான்கு மணி நேரம் ஓட்டினால் டெனாலி தேசியப் பூங்கா. பேராக் மாநிலத்தைவிடப் பெரியது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், வேலை செய்யும் பனிவண்டி நாய்களை வளர்ப்பது இங்கே மட்டும்தான். 1922-லிருந்து இந்தக் கொட்டில் நடக்கிறது. தொடங்கியவர் பூங்காவின் முதல் மேற்பார்வையாளர் ஹாரி கார்ஸ்டன்ஸ். 1913-இல் டெனாலி மலையுச்சியை முதன்முதலில் எட்டிய நால்வரில் ஒருவர். திருட்டு வேட்டையைத் தடுக்க, நாய்வண்டியில் காவல் சுற்றுவதுதான் அன்றைய தேவை.

இந்தக் காலத்திலும் நாய் எதற்கு என்று கேட்கலாம். பூங்காவின் நடுவே சுமார் 8,000 சதுர கிலோமீட்டர் நிலம், 1980-லிருந்து சட்டப்படி மனிதக் கை படாத காடாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே இயந்திரங்களைத் தவிர்க்கிறார்கள். குளிர்காலத்தில் காவல் குடில்களுக்குச் சாமான் கொண்டுபோவது, ஆய்வாளர்களின் கருவிகளைச் சுமப்பது, பனியில் தடம் போடுவது எல்லாம் நாய்களின் வேலை. உறைகிற குளிரில் இயந்திரம் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. நாய்களுக்கு ஸ்டார்ட் செய்கிற பிரச்சினை இல்லை.

கொட்டிலில் ஏறக்குறைய முப்பது நாய்கள். ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டையால் தனி வீடு, வாசலில் பெயர்ப்பலகை. ஒன்று கூரை மேல் ஏறி நின்று வருகிறவர்களை எல்லாம் எண்ணுவதுபோல் பார்க்கிறது. ஒன்று யார் வந்தாலும் காலோடு சாய்ந்துகொள்கிறது. இன்னொன்று நாங்கள் வந்ததையும் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை. நல்ல தூக்கம்.

கோடையில் தினமும் அரை மணி நேரச் செயல்விளக்கம் உண்டு. ரேஞ்சர்கள் சக்கர வண்டியை இழுத்து வந்ததும், அதுவரை தூங்கிய நாய் உட்பட அத்தனையும் ஒன்றுசேர்ந்து கத்துகின்றன. எல்லாமே 'என்னைப் பூட்டு' என்று கேட்பதுபோல் இருக்கும். பூட்டப்படுவது சில மட்டுமே. விட்டுப்போனவற்றின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

எந்த நாயை எங்கே பூட்டுவது என்பதில்தான் வளர்ப்பவரின் திறமை இருக்கிறது. வண்டி ஓட்டுபவர் கையில் கடிவாளம் கிடையாது, குரல் மட்டும்தான். 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம். முன்னால் போகும் தலைமை நாய்க்குச் சொன்னதைக் கேட்கும் காது வேண்டும். ஆற்றின் மேல் பனிப்பாளம் மெல்லியதாக இருந்தால், போகச் சொன்னாலும் போகாத துணிச்சலும் வேண்டும். அதற்கு அடுத்த ஜோடி, வளைவில் மொத்த அணியையும் திருப்ப உதவும். வண்டிக்கு மிக அருகில் இருக்கும் ஜோடி பலமானது, நிதானமானது. பின்னால் பாரம் தடதடத்தாலும் பதறாது.

எங்கள் வானொலி நிலையமும் கிட்டத்தட்ட இப்படித்தான். நேரலையில் கலகலவென்று பேச ஒருவர் இருந்தால், கருவி திடீரென்று மக்கர் செய்யும்போது பதறாமல் கையாள இன்னொருவர் பின்னால் இருக்க வேண்டும். இருவரையும் இடம் மாற்றி உட்காரவைத்தால் நிகழ்ச்சி அவ்வளவுதான்.

குட்டிகளை எடுத்தவுடன் வண்டியில் பூட்டுவதில்லை. முதல் குளிர்காலத்தில் பெரிய நாய்களின் பக்கத்தில் அவிழ்த்துவிட்டபடி ஓடவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொள்கின்றன. கோடையில் வட்டாரத் தொண்டூழியர்கள் வந்து நாய்களை நடக்கக் கூட்டிப்போகிறார்கள். புது மனிதர்களோடு பழகவும் அது ஒரு பயிற்சி. அந்தப் பழக்கம் பிற்பாடு உதவும். ஏனென்றால் ஒன்பது வயதுவாக்கில் இந்த நாய்கள் ஓய்வுபெறுகின்றன. ஓய்வுபெற்றதும் வேறு வீட்டுக்குத் தத்துப் போகின்றன.

வீட்டுக்கு நாயா, நாய்க்கு வீடா?

ஒன்பது வயதிலும் இவை மூலையில் சுருண்டு படுக்கும் கிழடுகள் அல்ல. அதனால் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதில்லை. உங்கள் ஊர் குளிர்ப் பிரதேசமா? தினமும் ஓடவிட நேரம் இருக்கிறதா? வீட்டில் பூனை, கோழி உண்டா? இப்படிப் பல கேள்விகள். வெளியிலேயே வளர்ந்த நாய்க்கு வரவேற்பறை, படிக்கட்டு, தொலைக்காட்சிச் சத்தம் எல்லாமே புதிது. சில நாய்களுக்குச் சோபா போதும். சிலவற்றுக்கு இன்னமும் எதையாவது இழுத்தாக வேண்டும், பனிச்சறுக்கு விளையாடும் வீடாகப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்குக் கூட இன்னொரு நாய் வேண்டும். அந்தந்த நாயின் குணத்தைச் சொல்லித்தான் வீடு தேடுகிறார்கள்.

மலேசியாவுக்குத் தருவீர்களா என்று விளையாட்டாகக் கேட்டோம். இரவில் எவ்வளவு வெப்பம் என்று ரேஞ்சர் திருப்பிக் கேட்டார். 25 டிகிரி என்றோம். சிரித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நம் ஊரில் புலனத்தில் அவ்வப்போது சுற்றும் ஒரு செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹஸ்கி நாய், ஆண், இரண்டு வயது, வீடு மாறுவதால் இலவசம், நல்ல மனம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளவும். கூடவே நீலக் கண்ணோடு அழகான படம். சைபீரியக் குளிரில் வண்டி இழுத்த நாய்களின் வம்சம் அது. இரட்டை அடுக்கு ரோமம், நாள் முழுக்க ஓடத் தோன்றும் கால்கள். அதைத் தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் காலை முதல் மாலை வரை விட்டுப்போனால் மண்ணைத் தோண்டும், ஊளையிடும், கேட்டைத் தாண்டும். வீட்டார் கெட்டவர்கள் இல்லை, நாயும் கெட்ட நாய் இல்லை. வாங்கும்போது குணத்தை யாரும் கேட்கவில்லை, கண்ணின் நிறத்தைத்தான் கேட்டார்கள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், டெனாலியின் வழக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. 'நல்ல மனம்' என்று எழுதுவதற்குப் பதில், கேட்டைத் தாண்டும், பூனையைத் துரத்தும், தனியாக விட்டால் அழும் என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். கேட்பவர்கள் குறையலாம். ஆனால் வருகிறவர் தெரிந்தே வருவார். நாய்க்கு மூன்றாவது, நான்காவது வீடு தேட வேண்டியிருக்காது.

நெனானா: கிழவனின் கடைசி ஓட்டம்

டெனாலியிலிருந்து இன்னும் 110 கிலோமீட்டர் போனால் நெனானா என்ற சிற்றூர். 1925 ஜனவரி 27 இரவு, இந்த ஊர் ரயில் நிலையத்தில் ஒரு மருந்துப் பெட்டி வந்திறங்கியது. 1,085 கிலோமீட்டருக்கு அப்பால், நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவி, பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தார்கள். இருபது வண்டி ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் கை மாற்றி கை மாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதி செப்பாலாவுடையது. கடல் உறைந்த பனியின் மேல் அவரை வழிநடத்திப் போனது டோகோ. அப்போது அதற்கு வயது ஏறக்குறைய பன்னிரண்டு.

கடைசிக் கட்டத்தில் மருந்தோடு நோமுக்குள் நுழைந்தது பால்டோ என்ற இன்னொரு நாயின் அணி. புகழ் அதற்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் 1927-இல் அந்த அணி நாய்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில், காசுக்குக் காட்டும் பொருளாக இருந்தன. அதைக் கண்டவர் ஜார்ஜ் கிம்பல் என்ற கிளீவ்லாந்து வணிகர். கேட்ட விலை 2,000 டாலர். கிளீவ்லாந்து நகரமே, பள்ளிப் பிள்ளைகள் உட்பட, சில்லறை சேர்த்து ஏழு நாய்களை மீட்டது. பால்டோ அங்கே விலங்குத் தோட்டத்தில் 1933 வரை வாழ்ந்தது. சிலை இருந்தும், அதற்கு ஒரு வீடு கிடைக்க ஊர் கூடவேண்டியிருந்தது.

அதே 1927-இல் செப்பாலாவும் ஒரு முடிவெடுத்தார். முதுமை தட்டிய டோகோவை அமெரிக்காவின் மறுகோடியில் மெய்ன் மாநிலத்தில், எலிசபெத் ரிக்கர் என்பவரின் கொட்டிலில் விட்டார். ஒரு காலத்தில் பிடிக்காமல் கொடுத்த நாயை, இந்த முறை பிடித்திருந்தும் கொடுத்தார். அங்கே பனி இருந்தது, மற்ற நாய்கள் இருந்தன, நாய்களைப் புரிந்துகொள்ளும் ஆளும் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓய்வாக வாழ்ந்து, 1929 டிசம்பரில், பதினாறு வயதில் டோகோ இறந்தது.

போக விரும்புவோருக்கு

மலேசியர்களுக்கு அமெரிக்க விசா தேவை. சியாட்டல் வழியாக ஆங்கரேஜுக்குப் பறக்கலாம். வாடகைக் கார் வேண்டாம் என்றால் அலாஸ்கா ரயிலும் டெனாலியில் நின்று போகிறது. கொட்டிலின் கோடைக்காலச் செயல்விளக்கத்துக்குக் கட்டணம் இல்லை, பூங்காவின் வருகையாளர் மையத்திலிருந்து இலவசப் பேருந்தும் உண்டு. ஆகஸ்டிலேயே ஜாக்கெட் தேவைப்படும். குளிர்காலத்திலும் கொட்டிலைப் பார்க்கலாம், ஆனால் பாதி வீடுகள் காலியாக இருக்கலாம். நாய்கள் வேலைக்குப் போயிருக்கும்.